லாஸ் வேகஸை யார் படம் பிடித்தார்கள்?

பாலைவனத்தில் ஒரு பெண் இரண்டு கைகளையும் அகல விரித்து நிற்கிறார். காலில் குதிகால் உயர்ந்த செருப்பு. வாய்கொள்ளாத சிரிப்பு. நீச்சலுடையின் முன்பக்கம் முழுக்கப் பஞ்சில் செய்த வெள்ளைக் காளான் ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். அணுகுண்டு வெடித்ததும் வானத்தில் எழுமே, அந்தக் காளான். 1957 மே மாதம் எடுத்த படம் இது. ‘மிஸ் அட்டாமிக் பாம்’ என்று பெயர் சூட்டிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். பழைய லாஸ் வேகஸ் என்று இணையத்தில் தேடினால் இன்றும் முதல் வரிசையிலேயே வந்து நிற்கும்.

அப்படி ஒரு அழகிப் போட்டி நடக்கவே இல்லை. படத்துக்காக வைத்த பட்டம் அது. சாண்ட்ஸ் ஹோட்டலில் ஆடிக்கொண்டிருந்த ஷோகேர்ள் அவர். படக்குறிப்பில் லீ மெர்லின் என்று இருக்கும். அதுவும் மேடைக்காக வைத்துக்கொண்ட பெயர்தான். சொந்தப் பெயர் என்ன, எங்கே பிறந்தார், பிற்பாடு என்ன ஆனார் என்பதெல்லாம் 60 வருஷத்துக்கு மேல் வெளியே தெரியாமலே கிடந்தது. நெவாடாவின் அணுச் சோதனைகளில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் 20 ஆண்டுகளுக்கு மேல் விடாமல் தேடினார். 2025இல்தான் விடை செய்தியாக வந்தது. உலகம் முழுக்கச் சுற்றிய ஒரு முகத்தின் பெயரைக் கண்டுபிடிக்க இத்தனை பாடு.

படம் எடுத்தவரின் பெயர் மட்டும் முதல் நாளிலிருந்தே தெளிவாக இருந்தது. டான் இங்கிலிஷ். லாஸ் வேகஸ் நியூஸ் பீரோவில் சம்பளத்துக்கு வேலை பார்த்த புகைப்படக்காரர். பெயரில் ‘நியூஸ்’ இருந்தாலும் அது செய்தி நிறுவனம் இல்லை. ஊருக்கு ஆள் வரவழைக்க ஊர் வணிகர் சங்கம் 1940களின் கடைசியில் ஆரம்பித்த விளம்பர அலுவலகம். போர் முடிந்துவிட்டது, பக்கத்துப் பயிற்சித் தளத்துச் சிப்பாய்கள் ஊர் திரும்புகிறார்கள், இனி ஹோட்டல் அறைகள் எப்படி நிரம்பும் என்ற கவலையில் கடைக்காரர்களும் ஹோட்டல்காரர்களும் வருமானத்தில் ஒரு பங்கைப் போட்டு நிதி திரட்டினார்கள். அந்தப் பணத்தில் கேமராவும் ஃபிலிமும் வாங்கினார்கள்.

அவர்கள் வேலை செய்த விதம் சாமர்த்தியமானது. நீச்சல் குளத்து ஓரமாகப் படுத்திருக்கும் சாதாரணச் சுற்றுலாப் பயணியை, தேனிலவுக்கு வந்த ஜோடியைப் படம் எடுப்பார்கள். பெயரையும் ஊரையும் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த ஊர்ப் பத்திரிகைக்கே படத்தை இலவசமாக அனுப்பிவிடுவார்கள். உள்ளூர்க்காரர் படம் என்றால் எந்தச் சின்னப் பத்திரிகை வேண்டாம் என்று சொல்லும்? மறுநாள் காலையில் ஊரே பார்க்கும்: நம்ம ஆள் அங்கே வெயிலில் ஜம்மென்று படுத்திருக்கிறான், இங்கே நாம் பனியைத் தள்ளிக்கொண்டிருக்கிறோம். 1953இல் சாண்ட்ஸ் ஹோட்டல் குளத்துக்குள்ளேயே ஒரு பகடை மேசையை இறக்கி, நீச்சலுடையில் ஆட்களைச் சுற்றி நிறுத்தி எடுத்த படத்துக்குப் பின்னாலும் இதே கணக்குதான். அணுகுண்டும் தப்பவில்லை. 1951 முதல் 1962 வரை, ஊரிலிருந்து 100 கிலோமீட்டர் சொச்சம் தள்ளியிருந்த சோதனைத் தளத்தில் 100 குண்டுகளை வானம் தெரிய வெடித்தார்கள். நியூஸ் பீரோ அதையும் ஊரின் கண்கவர் காட்சிகளில் ஒன்றாகச் சேர்த்து விற்றது.

இந்தப் படங்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. தொழில்நுட்பத்தில் அபாரமானவை. ஆனால் 20ஆம் நூற்றாண்டு லாஸ் வேகஸில் மக்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று கேட்டு இவற்றைப் புரட்டினால் ஒன்று உறைக்கும். படத்தில் இருப்பவர்கள் வெளியூர்க்காரர்கள், இல்லாவிட்டால் அவர்களுக்காகச் சிரிக்கச் சம்பளம் வாங்கியவர்கள். 1950இல் அந்த ஊரில் 24,624 பேர் குடியிருந்தார்கள். 1960இல் 64,405 பேர். அவர்கள் மளிகை வாங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனார்கள், செத்தவர்களைப் புதைத்தார்கள். அந்தப் படங்களும் இருக்கின்றன. அவற்றை வேறு யாரோ, வேறு எதற்காகவோ எடுத்தார்கள்.

இன்னொரு வேடிக்கை. ‘லாஸ் வேகஸ்’ என்று நாம் பார்க்கும் பெரும்பாலான படங்கள் லாஸ் வேகஸ் நகரத்திலேயே எடுத்தவை அல்ல. முதல் பெரிய ரிசார்ட்டான எல் ராஞ்சோ வேகஸை 1941இல் நகர எல்லைக்கு வெளியே, தெற்கே போகும் நெடுஞ்சாலை ஓரமாகக் கட்டினார்கள். நகராட்சி வரிக்குச் சிக்காத இடம். அதன் பிறகு வந்தவர்களும் அதே சாலையில் வரிசையாகக் கட்டிக்கொண்டே போனார்கள். அதுதான் ஸ்ட்ரிப். சட்டப்படி அதில் பெரும்பகுதிக்குப் பாரடைஸ் என்று பெயர். இன்று வரை அது நகராட்சிக்குள் வரவில்லை. ஆக, ஊர்க்காரர்கள் வாழ்ந்த இடம் ஒன்று, உலகம் பார்த்த இடம் இன்னொன்று.

குடியிருந்தவர்களின் படங்கள் 1905இலிருந்தே கிடைக்கின்றன. அந்த வருஷம் மே 15ஆம் தேதி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் ஒரு மரமேடை போட்டு ரயில் கம்பெனி மனை ஏலம் விட்டது. கம்பெனியின் முதலாளி மான்டானாவின் செம்புச் செல்வந்தர், செனட்டர் வில்லியம் கிளார்க். சுற்றியுள்ள மாவட்டத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். அன்றைய படத்தில் தொப்பிகளாகத் தெரிகிறது. நிழலுக்கு ஒரு மரம் இல்லை. கோட்டுப் போட்ட ஆண்கள் கொதிக்கும் வெயிலில் நெருக்கியடித்து நின்று வெறும் மண்ணை விலை கேட்கிறார்கள். இரண்டு நாளில் 265,000 டாலருக்கு மனைகள் போயின.

ஊர் பிறந்தது ரயிலுக்காக, தண்ணீருக்காக. லாஸ் வேகஸ் என்றால் ஸ்பானிய மொழியில் புல்வெளிகள். நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், இங்கே நிலத்தடியிலிருந்து தானாகப் பொங்கும் ஊற்றுகள் இருந்தன. அந்த இடத்தின் பண்ணையை ஹெலன் ஸ்டூவர்ட் என்ற அம்மாள் நடத்திக்கொண்டிருந்தார். கணவர் 1884இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு பிள்ளைகளோடு தனியாக நின்று சமாளித்தவர். 1902இல் 55,000 டாலருக்கு ரயில் கம்பெனிக்கு விற்றார். பண்ணை வீட்டு முற்றம், ஓடை, காட்டன்வுட் மரங்களின் நிழல் என்று அந்தக் காலத்துப் படங்களைப் பார்த்தால் பாலைவனம் என்றே தோன்றாது. அப்புறம் ஊரும் ஹோட்டல்களும் நிலத்தடி நீரை உறிஞ்சியதில், 1962இல் ஊற்று மேலே வருவது நின்றுபோனது. இருந்த பச்சைக்குச் சாட்சி இப்போது அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள்தான்.

சூதாட்டம்? நெவாடாவில் அது 1910 அக்டோபரிலிருந்து 1931 மார்ச் வரை சட்டவிரோதம். பின்னறையில் ஆட்டம் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அது வேறு கதை. ஆனால் ஊரின் குழந்தைப் பருவம் முழுக்க, காகிதத்திலாவது, அது சூதாட்ட ஊர் இல்லை. அப்போதைய படங்களில் இருப்பவர்கள் ரயில்வே பட்டறைத் தொழிலாளர்கள், ஐஸ் ஆலைக்காரர்கள், கடைக்காரர்கள், பள்ளிப் பிள்ளைகள். 1911இல் தொடங்கிய மெஸ்கீட் கிளப் பெண்கள் மறு வருஷம் ஏறக்குறைய 2,000 மரக்கன்றுகளை ஊரெங்கும் நட்டார்கள். இந்த மாதிரிச் சங்கங்களின் ஆல்பங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வரிசையாக நாற்காலி, முன்வரிசையில் பெரிய தொப்பி வைத்த அம்மாள்கள், கேமராவை முறைக்கும் ஒரு குழந்தை. யாருக்கும் எதையும் விற்க எடுத்ததல்ல. தங்களுக்குள் வைத்துக்கொள்ள எடுத்தது.

1931இல் இரண்டு காரியம் சேர்ந்து நடந்தது. மார்ச் 19ஆம் தேதி ஆளுநர் ஃப்ரெட் பால்சர் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தார். அதே வருஷம், 50 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில், கொலராடோ ஆற்றின் குறுக்கே ஹூவர் அணை வேலை ஆரம்பித்தது. பொருளாதார வீழ்ச்சியின் நடுக்காலம். வேலை தேடி ஆயிரக்கணக்கானவர்கள் குடும்பத்தோடு வந்து ஆற்றங்கரையில் கோணியும் கித்தானும் கட்டிக் குடியேறினார்கள். ‘ராக்டவுன்’, அதாவது கந்தல் ஊர் என்றே அந்த இடத்துக்குப் பெயர் வந்தது. அணைக்கு அரசாங்கப் புகைப்படக்காரராக இருந்தவர் பென் கிளாஹா. கான்கிரீட்டையும் இரும்பையும் பாறையையும் அவர் எடுத்த படங்கள் கலைப் படைப்புகளாகப் பெயர் வாங்கின.

அவர் 1932இல் எடுத்த ஒரு படம் அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. பள்ளத்தாக்கின் செங்குத்துப் பாறையில் கயிற்றில் தொங்கிக்கொண்டு தளர்ந்த கல்லைப் பெயர்த்துத் தள்ளுவது அணையிலேயே ஆபத்தான வேலைகளில் ஒன்று. அந்த வேலையைச் செய்த சிலர் சேர்ந்து எடுத்துக்கொண்ட படம். குறிப்பு சொல்வது இவ்வளவுதான்: ஹூவர் அணைக் கட்டுமானத்தில் உயரப் பாறை வேலைக்கு அமர்த்தப்பட்ட அப்பாச்சி இந்தியர்கள், அதாவது அமெரிக்கப் பழங்குடியினர். பெயர் ஒன்றுகூட இல்லை. சம்பளப் பட்டியலில் கட்டாயம் இருந்திருக்கும், படத்துக்கு அது வந்து சேரவில்லை. துளைபோடும் வேலையிலிருந்த கறுப்பினத்தவர்களைக் காட்டும் படத்திலும் இதே கதை. அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு அணையில் எல்லா இனத்தவரும் வேலை பார்த்தார்கள் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. உச்சத்தில் 5,000 பேருக்கு மேல் வேலை செய்த இடத்தில், போராட்டத்துக்குப் பிறகு சேர்த்துக்கொண்ட கறுப்பினத் தொழிலாளர்கள் சில பத்துப் பேர்தான். தொழிலாளர்களுக்காக அரசு கட்டிய போல்டர் சிட்டியில் அவர்களுக்கு வீடும் கிடையாது. படம் பொய் சொல்லவில்லை. எத்தனை பேரில் எத்தனை பேர் என்பதைச் சொல்லும் வேலை அதற்கு இல்லை, அவ்வளவுதான். (போல்டர் சிட்டியில் சூதாட்டத்துக்கும் அன்றே தடை. இன்றைக்கும் அங்கே கேசினோ இல்லை.)

அணை பார்க்க வந்த கூட்டத்தை ஊருக்குள் இழுக்க 1930களின் நடுவில் ‘ஹெல்டொராடோ’ திருவிழாவைக் கண்டுபிடித்தார்கள். ஊர்வலம், குதிரை வித்தை, தாடிப் போட்டி. திருவிழா நாட்களில் மழித்த முகத்தோடு நடமாடும் ஆண்களைப் பிடித்து விளையாட்டு நீதிமன்றத்தில் நிறுத்துவார்கள். ரயில்வே குமாஸ்தாக்களும் பல்மருத்துவர்களும் கௌபாய் வேஷம் கட்டி நிற்கும் படங்கள் கட்டுக்கட்டாக இருக்கின்றன. அந்த ஊருக்குக் கௌபாய் வரலாறு ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அலங்கார வண்டியில் உட்கார்ந்திருக்கும் பள்ளிப் பெண்களின் குதூகலம் நிஜம். அக்கம்பக்கத்தார் எல்லோரும் தெருவில் கூடிய நாள் அது. சுற்றுலாவுக்காக ஆரம்பித்த விழா ஊர்க்காரர்களின் சொந்த விழாவாகிவிட்டதை இந்தப் படங்களில்தான் பார்க்க முடிகிறது.

எந்த ஊர்க்காரர்களுக்கு என்ற கேள்வி இருக்கிறதே, அது இந்தப் படங்களில் பதிலாகாது. அதற்குத் தண்டவாளத்தைத் தாண்டி மேற்கே போக வேண்டும்.

வெஸ்ட்ஸைடு. ரயில் கம்பெனியின் ஏலத்துக்கு முன்பே மக்வில்லியம்ஸ் என்ற நில அளவையாளர் மனை பிரித்து விற்ற பகுதி. ஆரம்பத்தில் கறுப்பினக் குடும்பங்கள் ஊர் நடுவிலும் குடியிருந்தன, கடை வைத்திருந்தன. 1930களின் கடைசியிலிருந்து, லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமானால் மேற்குப் பக்கம் போ என்று நகர நிர்வாகம் நெருக்கியது. 1940இல் நகரத்தில் அவர்கள் 200 பேர்கூட இல்லை. போர் வந்தது. பக்கத்து ஹெண்டர்சனில் மக்னீசியம் ஆலை எழுந்தது. ஆர்கன்சாவின் ஃபோர்டைஸ், லூசியானாவின் டல்லூலா போன்ற தெற்கத்திச் சிற்றூர்களிலிருந்து சனங்கள் சொந்தபந்தங்களோடு கிளம்பி வந்தார்கள். அவர்கள் தங்குவதற்கு ஆலைப் பக்கம் கார்வர் பார்க் என்ற குடியிருப்பைக் கட்டினார்கள், வடிவமைத்தவர் பால் வில்லியம்ஸ் என்ற புகழ்பெற்ற கறுப்பினக் கட்டடக் கலைஞர். ஆனால் பலரும் வெஸ்ட்ஸைடுக்கே போனார்கள். உறவுக்காரர்கள் இருந்த இடம் அது. அங்கே தார் ரோடு கிடையாது, சாக்கடை கிடையாது. 1940களின் படங்களில் புழுதித் தெருவும், கிடைத்த பலகையை வைத்து அடித்த குடிசைகளும் தெரியும். ஸ்ட்ரிப்பில் நியான் விளக்கு எரிந்துகொண்டிருந்த அதே வருஷங்கள்.

ஸ்ட்ரிப் ஹோட்டல்களில் சமையலறை, சலவை, அறை சுத்தம் என்று வேலை எல்லாம் இவர்கள் செய்தார்கள். வாடிக்கையாளராக உள்ளே போக முடியாது. நாட் கிங் கோல், சாமி டேவிஸ் ஜூனியர் போன்றவர்கள் மேடையில் பாடிக் கைதட்டல் வாங்கிவிட்டு, ராத்தங்க வெஸ்ட்ஸைடுக்குத்தான் வர வேண்டும். எஃப் தெருவில் ஒரு அம்மாள் தன் வீட்டிலேயே நடத்திய விருந்தினர் விடுதி இந்த மாதிரிக் கலைஞர்களால் பேர் பெற்றது. ஜாக்சன் தெருவில் டவுன் டாவர்ன், காட்டன் கிளப், எல் மொரோக்கோ என்று அவர்களுக்கான தனிக் கேசினோக்கள் விடிய விடிய நடந்தன.

1955 மே மாதம் முலான் ரூஜ் திறந்தது, எல்லா இனத்தவரையும் சேர்த்துக்கொண்ட முதல் பெரிய கேசினோ ஹோட்டல். அடுத்த மாதமே அதன் நடனப் பெண்கள் லைஃப் பத்திரிகையின் அட்டையில் வந்தார்கள். ஆறே மாதத்தில் ஹோட்டல் மூடப்பட்டது. ஆனால் அங்கே எடுத்த இன்னொரு படம் வரலாற்றுப் புத்தகங்களில் ஏறிவிட்டது. 1960 மார்ச் 26. ஹோட்டலின் காபி ஷாப்பில் மேசையைச் சுற்றிக் கோட்டும் டையுமாகப் பெரிய மனிதர்கள். ஸ்ட்ரிப்பில் இனப் பாகுபாட்டை நீக்காவிட்டால் ஊர்வலம் போவோம் என்று எச்சரித்திருந்தவர், கறுப்பினத்தவர் உரிமைக்கான என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பின் உள்ளூர்த் தலைவர், பல்மருத்துவர் ஜேம்ஸ் மக்மில்லன் அதில் இருக்கிறார். ஒப்பந்தம் உருவான தருணம் என்று குறிப்புப் போடுவது வழக்கம். கேசினோக்காரர்களின் சம்மதம் அதற்கு முன்பே திரைமறைவில் வந்துவிட்டது என்று மக்மில்லன் பிற்பாடு தன் வாய்மொழிப் பதிவில் சொன்னார். நடந்த பேரத்துக்குப் படம் இல்லை. அதை ஊருக்குச் சொன்ன மேசைக்குத்தான் படம் இருக்கிறது.

பெரிய மனிதர்களை விட்டுவிட்டு அந்தப் பக்கத்து அன்றாடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிளின்டன் ரைட்டிடம் போக வேண்டும். 1960களில் வெஸ்ட்ஸைடைப் படமெடுத்த கறுப்பினப் புகைப்படக்காரர். ஊரின் முதல் கறுப்பின மருத்துவர் சார்லஸ் வெஸ்ட் தொடங்கிய ‘வாய்ஸ்’ பத்திரிகைக்கும் படம் கொடுத்தார். கல்யாணம், தேவாலயப் பாடகர் குழு, பெண்கள் சங்கத்தின் ஃபேஷன் ஷோ, பட்டமளிப்பு, மதுக்கடையில் உட்கார்ந்து அரட்டை. நியூஸ் பீரோ படங்களோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதலில் கண்ணில் படுவது ஆட்களின் பார்வை. நியூஸ் பீரோ படத்தில் இருப்பவர் எங்கேயோ இருக்கும் வாசகனைப் பார்த்துச் சிரிக்கிறார். ரைட்டின் படத்தில் இருப்பவருக்குக் கேமராவுக்குப் பின்னால் நிற்பது யார் என்று தெரியும். நாளைக்குக் கடையில் பார்க்கப்போகிற ஆள். உடுத்தியிருப்பது நல்ல உடுப்பு, முகத்தில் கொஞ்சம் மிடுக்கு, சிலரிடம் ‘சீக்கிரம் எடுப்பா’ என்கிற அலுப்பு.

வறுமையும் போராட்டமும் மட்டுமே கறுப்பின வாழ்க்கை என்று காட்டும் படங்கள் ஏராளம் வந்த காலம் அது. ரைட்டின் படங்களில் அதுவும் உண்டு, ஆனால் அது பத்தில் ஒன்று. மிச்சம் ஒன்பதும் ஊர் நடந்துகொண்டிருந்ததைச் சொல்கின்றன. என் கணக்கில், டான் இங்கிலிஷின் பஞ்சு மேகத்தைவிட ரைட்டின் பாடகர் குழுக்கள் 1960களின் லாஸ் வேகஸைப் பற்றி அதிகம் சொல்கின்றன.

போராட்டமும் வராமல் இல்லை. 1971 மார்ச் 6ஆம் தேதி, நலத்திட்ட உதவித்தொகையை வெட்டியதை எதிர்த்து ரூபி டங்கன் தலைமையில் தாய்மார்கள் ஸ்ட்ரிப்பில் ஊர்வலம் போய் சீசர்ஸ் பாலஸ் கேசினோவுக்குள்ளேயே நுழைந்தார்கள். ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்துகொண்டிருந்த பெண்கள் முன்வாசல் வழியாக வந்த நாள். பின்னாளில் அதே தொழிலிலிருந்து வந்த ஹாட்டி கேன்டி, சமையல், பணிப்பெண் தொழிலாளர்களின் கலினரி யூனியனுக்கு 1990இல் தலைவரானார். மறு வருஷம் செப்டம்பரில் ஃபிரான்டியர் ஹோட்டலில் தொடங்கிய வேலைநிறுத்தம் ஆறு வருஷத்துக்கு மேல் நீடித்து 1998இல் முடிந்தது. மறியல் செய்த 550 பேரில் ஒருவர்கூட அதுவரை மறியலைத் தாண்டி வேலைக்குப் போகவில்லை. வாசலில் பலகை பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி நடக்கும் படங்களை வருஷ வாரியாக அடுக்கினால், அதே முகங்களுக்கு மெல்ல வயதாகிக்கொண்டு போவது தெரியும்.

எண்ணிக்கையில் சின்னச் சமூகங்களின் படங்கள் இன்னும் தாமதமாகத்தான் வெளியே வந்தன. 1910களில் வந்து பாலைவனத்தில் தக்காளி விளைவித்து அணைத் தொழிலாளர் சமையலறைக்கு அனுப்பிய ஜப்பானிய விவசாயி டொமியாசு, 1950களில் சீன உணவகம் நடத்திய ஃபாங் தம்பதி எல்லாம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். அவர்கள் பெயரில் பள்ளிகளே இருக்கின்றன. ஆனால் ஆசிய, லத்தீன் குடும்பங்களின் ஆல்பங்களைத் தேடிப் போய்க் கேட்பது ஒரு திட்டமாக நடந்தது இந்த நூற்றாண்டில்தான்.

அந்த வேலையைச் செய்வது லாஸ் வேகஸில் இருக்கும் நெவாடா பல்கலைக்கழகத்தின் நூலகத்தில் உள்ள சிறப்புச் சேகரிப்புப் பிரிவு. மாநில அருங்காட்சியகமும் நியூஸ் பீரோவின் சொந்தக் காப்பகமும் வேறு இருக்கின்றன. படம் காப்பகத்துக்கு வந்து சேர்வது எப்படி? பெரும்பாலும் சாவு வீட்டிலிருந்து. பாட்டி போய்ச் சேருகிறார், கேரேஜில் நாலு செருப்புப் பெட்டி இருக்கிறது, பேரப்பிள்ளைகளுக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டும். குப்பைக்கா, நூலகத்துக்கா என்பது அந்த வாரத்து மனநிலையைப் பொறுத்தது.

பெட்டி வந்ததும் முதலில் மூக்கால்தான் பார்ப்பார்கள். 20ஆம் நூற்றாண்டின் நடுவில் புழங்கிய அசிடேட் ஃபிலிம் கெட்டுப்போனால் வினிகர் வாடை அடிக்கும். ஃபிலிமின் அடிப்பாகம் சுருங்கும், மேலே உள்ள படலம் சுருங்காது, அதனால் நெகட்டிவ் முழுக்கப் பாம்புச் சட்டை மாதிரி வரி விழும். பாலைவனக் காற்றில் ஈரமில்லாதது நல்லதுதான், ஆனால் கோடையில் கேரேஜ் ஓர் அடுப்பு. கெட ஆரம்பித்ததைச் சரிசெய்ய வழி இல்லை. குளிர் அறையில் வைத்து மெதுவாக்கலாம், அதற்குள் ஸ்கேன் செய்துவிடலாம்.

அப்புறம் படத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் பின்னால் ரப்பர் ஸ்டாம்ப் குத்துவது போலத்தான் அங்கேயும். யார் எடுத்தது, எந்தத் தேதியில் அச்சானது, எந்த ஓரத்தை வெட்டச் சொல்லிப் பென்சில் கோடு போட்டார்கள் என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். குடும்பப் படத்தில் ‘நான், மேரி, பெரியப்பா’ என்று எழுதியிருக்கும். எந்த நான்? அதற்குத்தான் வாய்மொழி வரலாறு. பல்கலைக்கழகத்தின் வாய்மொழி வரலாற்று மையம் 2003இல் தொடங்கியது, முதல் இயக்குநர் கிளேட்டி ஒயிட். மூத்தவர்களை உட்காரவைத்து, பேச்சைப் பதிவு செய்து, படங்களை முன்னால் வைத்துக் கேட்பார்கள். ஒரு படத்தில் ஒரு பெயர் கிடைத்தால் அதே முகம் இருக்கும் மற்றப் படங்களும் வாய் திறக்கும். கறுப்பின அனுபவத்தைத் தொகுக்கும் திட்டம், யூதக் குடும்பங்களுக்கு, லத்தீன் மக்களுக்கு, ஆசியர்களுக்கு என்று அடுத்தடுத்து வந்த திட்டங்கள் எல்லாம் இந்த முறையில் நடந்தவை. பழைய குறிப்புகளில் இருந்த இழிவான சொற்களைத் திருத்தும் வேலையும் கூடவே நடக்கிறது.

இந்த ஊரில் அதற்கு அவசரம் அதிகம், ஏனென்றால் கட்டடத்தைப் பார்த்து ஞாபகப்படுத்திக்கொள்ள வழி இல்லை. 1993 அக்டோபரில் டியூன்ஸ் ஹோட்டலை வெடி வைத்துத் தகர்த்தார்கள், அதை ஒரு காட்சியாகவே நடத்தி டிவியில் காட்டினார்கள். 1996இல் சாண்ட்ஸ் போனது. பகடை மேசை மிதந்த குளமும் காணாமல் போயிருந்தது. முலான் ரூஜ் 2003இலும் 2009இலும் தீப்பிடித்து, மிச்சமிருந்ததும் 2010இல் இடிபட்டது.

வெஸ்ட்ஸைடில் எஃப் தெரு இன்னும் இருக்கிறது. நெடுஞ்சாலையை அகலப்படுத்துவதற்காக 2008இல் அந்தத் தெருவைக் குறுக்கே அடைத்தார்கள். ஊர் மையத்துக்குப் போகிற நேர்வழி அது. குடியிருப்பவர்கள் விடாமல் போராடினார்கள். 2014 டிசம்பரில் நெடுஞ்சாலைக்கு அடியில் தெருவை மறுபடி திறந்தார்கள். அந்தச் சுரங்கப்பாதையின் சுவர்களில் வெஸ்ட்ஸைடின் பழைய நாட்களைச் சித்திரமாக வைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வெளியே வந்தால் கேசினோ வெளிச்சம் தெரியும்.